40 கணினிக்கும் ஒரே பெயர்! டிஎச்சிபி மூலம் பெயர் கொடுப்பது எப்படி?

வெள்ளவத்தை_லேப்:
வணக்கம் அண்ணாமார். வெள்ளவத்தையில் ஒரு கணினி வகுப்பில் லேப் பார்க்கிறேன். 40 கணினிகள், எல்லாம் பம்பலப்பிட்டியில் பழையதாக வாங்கியவை, ரேம் 4 ஜிபி. அதனால் உபுண்டு 22.04 லினக்ஸின் சேர்வர் பதிப்பைப் போட்டு, மேலே எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான திரைமுகப்பை ஏற்றி, குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளால் மற்ற 39க்கும் குளோன் பண்ணினேன். இப்போது எல்லாவற்றுக்கும் பெயர் லேப்-01. கையால் மாற்றலாம், ஆனால் பரீட்சைக்கு முன் மறுபடியும் குளோன் பண்ண வேண்டி வரும். டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை) நடத்தும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளில் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் (நெட்வேர்க் கார்டின் தனி இலக்கம்) ஒரு பெயர் எழுதினேன், ஐபி எழுதவில்லை. பெயர் மாறவே இல்லை. அதைவிடப் பெரிய தலையிடி: இரண்டு கணினியை ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றில் இன்டர்நெட் போய்விடுகிறது.

கொட்டாஞ்சேனை_வயர்:
தம்பி, டிஎச்சிபியை விடுங்கோ. பூட் ஆகும்போது தாய்ப்பலகையின் தொடர் இலக்கத்தை எடுத்துப் பெயராக வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான்.

வெள்ளவத்தை_லேப்:
பார்த்தேன் அண்ணா. 11 கணினியில் தொடர் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் "டு பி ஃபில்ட் பை ஓஈஎம்" என்று நிற்கிறது. 😀

கொட்டாஞ்சேனை_வயர்:
ஓ, கடையில் பொருத்திய பெட்டிகளா? அப்போது சரிவராது.

தெஹிவளை_ரூட்:
உங்கள் டிஎன்எஸ்மாஸ்க் வரிகளில் பிழை இல்லை. பிழை குளோன் பண்ணிய இமேஜில் (நகலில்). டிஎச்சிபி தன் செய்தியில் 12ஆம் இலக்க 'ஆப்ஷன்' ஆகப் பெயரை அனுப்புகிறது. ஆனால் ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறைக்குள் ஹோஸ்ட்நேம் கோப்பில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடக்கி நடத்தும் மென்பொருள்) அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மூலக் கணினியில் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

இன்டர்நெட் போவதற்குக் காரணம் மெஷின்-ஐடி, அதாவது ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் உரிய தனி அடையாள எண். சேர்வர் பதிப்பு டிஎச்சிபியிடம் மேக் முகவரியால் அல்ல, மெஷின்-ஐடியிலிருந்து உருவாகும் அடையாளத்தால் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. உங்கள் 40ம் ஒரே ஆள் மாதிரிப் போய் நிற்கின்றன, ஒரே ஐபி கிடைக்கிறது. மெஷின்-ஐடி கோப்பை அழிக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் வெறுமையாக்குங்கள். அடுத்த பூட்டில் தானாகப் புதிது வரும். நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வேர்க் அமைப்புக் கோப்பு) டிஎச்சிபி அடையாளம் மேக் என்றும் எழுதிவிடுங்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) சாவிகளும் அப்படியே 40 இடத்தில் இருக்கும், அவற்றையும் கவனியுங்கள்.

ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்தினீர்கள்தானே? பெயரில் அடிக்கோடு வேண்டாம், இடைக்கோடு போடுங்கள். பிறகு விண்டோஸும் வரலாம் என்றால் 15 எழுத்துக்குள் வையுங்கள்.

வெள்ளவத்தை_லேப்:
ரவுட்டரில் நிறுத்தியாயிற்று. மேக் முகவரிகளைப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து குனிந்து எழுதியதில் சிலது பிழையாக இருக்கும் என்று பயம்.

தெஹிவளை_ரூட்:
ஏன் குனிகிறீர்கள்? இமேஜைத் திருத்தி ஏற்றியபின், முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக ஒழுங்காகப் போடுங்கள். ஒன்று எழும்பியபின் அடுத்தது. டிஎன்எஸ்மாஸ்கின் லீஸ் கோப்பில் (யாருக்கு எந்த ஐபி கொடுத்தது என்ற பட்டியல்) ஒவ்வொன்றாக மேக் முகவரி விழும், பார்த்து எழுதுங்கள். ஆனால் நெட்வேர்க் கார்ட் மாற்றினால் அந்தக் கணினிக்குப் பெயர் போய்விடும், அதை மறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை_லேப்:
சரிவந்துவிட்டது அண்ணா! 39 கணினியும் தன் தன் பெயரோடு எழும்பின. ஐபியும் வேறு வேறு. சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டால் கணினியின் பெயரைத் தெரியாது என்று ஒரு முணுமுணுப்பு வந்தது, ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய லேப்-01 வரியைத் திருத்தியதும் அதுவும் போனது. மிச்ச ஒன்று எழும்பவே இல்லை. அது பவர் சப்ளை, நாளைக்குப் பம்பலப்பிட்டிக்குக் கொண்டு போகிறேன்.