மறு: வோக்கல் அட்ராக்டிவ்னெஸ் – குரல்வளமா, குரல்கவர்ச்சியா?

> குரல்வளம் என்றே வைத்துவிடலாமே. பழகிய சொல்.

வணக்கம் ஐயா. ஒருவரின் குரல் கேட்பவருக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதை உளவியலில் வோக்கல் அட்ராக்டிவ்னெஸ் என்கிறார்கள்; அதற்குத்தான் நம் அகராதிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். குரல்வளம் பழகியதுதான் தொல்லை. குரல்வளம் என்றதும் பாடகர்தான் நினைவுக்கு வருவார்: எட்டும் ஸ்தாயி, நின்று பிடிக்கும் மூச்சு, பிசிறில்லாத நாதம். இவை குரலுக்கு உரியவரிடம் இருப்பவை. உளவியலார் அளப்பதோ கேட்பவரிடம் நிகழ்வதை. முன்பின் அறியாத ஒருவர் சொன்ன 'ஆ', 'ஈ', 'ஊ' ஒலிகளையோ எல்லாருக்கும் பொதுவான ஒரு வாக்கியத்தையோ முகம் காட்டாமல் ஒலிக்கவிட்டு, 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்கிறார்கள். பலர் தந்த மதிப்பெண்களின் சராசரிதான் அந்தக் குரலின் அளவு. கேட்பவர் இல்லையென்றால் அளவும் இல்லை. சொல்லில் அது தெரிய வேண்டாமா?

குரல்கவர்ச்சி பொருளளவில் பொருந்தும். ஆனால் சினிமாச் செய்திகள் 'கவர்ச்சி'யை ஒரே பொருளுக்குள் அடைத்துவிட்டன. 1989-இல் சக்கர்மன், டிரைவர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் எழுதியது, குரல் பிடித்துப்போனால் அந்த ஆளிடம் நல்ல குணங்களும் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்வதைப் பற்றி. அங்கே 'கவர்ச்சி' என்று எழுதினால் வாசிப்பவர் வேறு பக்கம் போய்விடுவார்.

குரலீர்ப்பு என்று முன்மொழிகிறேன்.

---

> குரலீர்ப்பு என்று முன்மொழிகிறேன்.

சொற்புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் ஈர்ப்பு இயற்பியலுக்கு வாக்கப்பட்ட சொல். மேலும், குரலுக்கு உள்ள தன்மையா, குரல்மீது நமக்கு எழும் நாட்டமா என்பது தெளிவாக இல்லை. 'குரலீர்மை' என்றால் பண்புப்பெயராகிவிடுமே?

இன்னொன்று. அகராதி வரைவில் "தாழ்ந்த குரலுடைய ஆண்களைப் பெண்கள் விரும்புகின்றனர்" என்று எடுத்துக்காட்டு வருகிறது. தமிழில் தாழ்ந்த குரலில் பேசுவது என்றால் மெல்லப் பேசுவது. கிசுகிசுப்பவர்களுக்கு இத்தனை மவுசா?

---

> 'குரலீர்மை' என்றால் பண்புப்பெயராகிவிடுமே?

ஆகும், ஆனால் ஈர்மைக்கு ஈரம், குளிர்ச்சி என்ற பொருள்கள் ஏற்கெனவே உண்டு. சளி பிடித்த குரல் போலாகிவிடும். புவியீர்ப்பில் 'புவி' துறையைக் காட்டுவதுபோல் இங்கே 'குரல்' காட்டும். தன்மையா நாட்டமா என்ற மயக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அளவே இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கிறது.

> கிசுகிசுப்பவர்களுக்கு இத்தனை மவுசா?

எடுத்துக்காட்டை மாற்றியே ஆக வேண்டும். அங்கே சொல்லப்படுவது உரப்பு (சத்தத்தின் அளவு) அல்ல, சுருதி. அதிலும் இரண்டு செய்திகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன.

முதலாவது, குரல்நாண்கள் அதிரும் வேகம், அதாவது அடிப்படை அதிர்வெண். வளர்ந்த ஆணுக்குச் சுமார் 120 ஹெர்ட்ஸ், பெண்ணுக்குச் சுமார் 210. ஆண்களின் பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் குரல்நாண்களை நீளவும் தடிக்கவும் வைப்பதால் இந்த இடைவெளி. இரண்டாவது, குரல்வளையிலிருந்து உதடுவரை உள்ள குழாயின் நீளம். அது 17.5 செ.மீ. என்றால் அந்தக் குழாயின் ஒத்ததிர்வுகள் (ஃபார்மண்ட்) ஏறத்தாழ 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் விழும். குழாய் குட்டையானால் எல்லாம் மேலே ஏறும். ஒரே பாலினருக்குள் உடலின் உயரத்தோடு ஓரளவாவது ஒட்டிப்போவது இந்த ஒத்ததிர்வுகள்தான். சுருதி அந்த அளவுக்குக்கூட இல்லை. 'கட்டைக்குரல்' என்று பொதுவாக எழுதினால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. சுருதிக்குத் தாழ்சுருதி, உயர்சுருதி. ஒத்ததிர்வைத் தனியே சொல்ல வேண்டும்.

சோதனை முறையை விளக்கும் பதிவிலும் ஒரு பிழை. "குரலை 20 ஹெர்ட்ஸ் தாழ்த்துக" என்றிருக்கிறது. 110-ஐ 90 ஆக்கினால் ஏறத்தாழ மூன்றரை அரைச்சுரம் (ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டில் ஒரு படி) இறங்கும். 210-ஐ 190 ஆக்கினால் ஒன்றே முக்கால்தான். காது கேட்பது விகிதத்தை. எனவே அரைச்சுரக் கணக்கில் எழுதுவது நல்லது. பேச்சொலியை ஆராயும் பிராட் மென்பொருளில் சுருதியை அளக்கும்போது ஆணுக்கு 75–300, பெண்ணுக்கு 100–500 என்று எல்லை வைப்பது வழக்கம்; வாக்கியத்தின் கடைசியில் குரல் கரகரத்தால் மென்பொருள் பாதி அதிர்வெண்ணைக் காட்டி ஏமாற்றும், அந்த இடங்களைக் கண்ணால் பார்த்து நீக்க வேண்டும். உரப்பையும் சமன்செய்யாவிட்டால் கேட்பவர் சத்தத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுவார்.

---

> எனவே அரைச்சுரக் கணக்கில்

ஏற்கிறேன். குரல் என்பதே பழந்தமிழ் ஏழிசையில் முதற் சுரத்தின் பெயர். மூன்றாவது கைக்கிளை, ஒருதலைக் காதலுக்கும் அதே பெயர். இந்தத் துறைக்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது!

துணையைத் தேர்வதைத் 'துணைத்தெரிவு' என்று எழுதலாம். 'துணைத்தேர்வு' என்றால் தோற்ற பாடத்தை மறுபடி எழுதுவதாகிவிடும். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே செய்த ஆய்வை அதன் கீழ் எடுத்துக்காட்டாகத் தரலாமா? "குரலீர்ப்பு மிக்க ஆண்களுக்குப் பிள்ளைகள் அதிகம்."

---

துணைத்தெரிவு நன்று. அந்த வாக்கியம் மட்டும் வேண்டாம். 2007-இல் வெளியான அந்த ஆய்வு ஆண்களின் சுருதியைத்தான் அளந்து பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டது. அதைக் குரலீர்ப்பு என்று எழுதினால், பெண்களின் விருப்பமே காரணம் என்ற முடிவைச் சொல்லுக்குள் ஒளித்துவைத்ததாகும். தாழ்சுருதி மற்ற ஆண்களை அடக்கிவைப்பதாலும் அது நேரலாம். 2006-இல் பட்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டது, சுருதியைத் தாழ்த்தினால் ஈர்ப்பைவிட ஆதிக்கத் தோற்றமே கூடுதலாக ஏறுகிறது என்பது. அதற்குக் 'குரலாதிக்கம்' என்று தனிப் பதிவு வேண்டும், 'கம்பீரம்' பாராட்டாகிவிடும்.

ஹட்சா வரி இப்படி இருக்கட்டும்: "தாழ்சுருதிக் குரலுடைய ஆண்களுக்குப் பிள்ளைகள் அதிகமாக இருந்தனர்." ஃபார்மண்டுக்கு 'ஒத்ததிர்வு முகடு' போதுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.