பிடிபட்ட டாங்கியில் பீரங்கி ஏற்றியது புத்திசாலித்தனமா, வேறு வழியில்லாமல் செய்த வேலையா?

இரும்புக்குதிரை:
1940இல் பிரான்சில் பிடித்த வண்டிகளை வெட்டி ஜெர்மானியர்கள் பீரங்கி வண்டி செய்தது வீண் வேலை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1941 ஜூனில் ரஷ்யாவுக்குள் போனதும் அவர்களுடைய 3.7 செ.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி டி-34, கேவி என்ற சோவியத் டாங்கிகளிடம் எடுபடவில்லை, அவர்களுடைய வீரர்களே அதைக் 'கதவு தட்டும் கருவி' என்றார்கள். பிறகு வந்த 7.5 செ.மீ. பாக் 40 நல்ல பீரங்கிதான், ஆனால் எடை சுமார் 1.4 டன், சேற்றில் ஆட்கள் தள்ளி நகர்த்துகிற சமாச்சாரம் இல்லை. அதே நேரம் நூற்றுக்கணக்கான பிரெஞ்சு வண்டிகள் கையில் கிடக்கின்றன. ஏற்றி வைத்தால் என்ன தப்பு? லொரேன் 37எல் என்ற பிரெஞ்சு வண்டி மேல் பாக் 40ஐ ஏற்றி சுமார் 170 செய்தார்கள், அதுதான் மார்டர் 1.

செங்காட்டான்:
முதலில் ஒரு திருத்தம் நண்பரே. லொரேன் டாங்கியே கிடையாது, முன்னணி டாங்கிகளுக்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோன சங்கிலிப்பட்டை வண்டி. இதை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், அதில் ஓட்டுநர் முன்னால், எஞ்சின் நடுவில், சரக்குத் தளம் பின்னால். பீரங்கி வைக்க இடம் ஏற்கெனவே தயார். நிஜ டாங்கியான ரெனோ ஆர் 35ஐ எடுத்துப் பாருங்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் நடுவில் கொஞ்சம் இடம்தான். பீரங்கியோடு சுழலும் மேல்மாடத்தைக் கழற்றி 4.7 செ.மீ. செக் பீரங்கியை வைத்து 174 வண்டி செய்தார்கள். சாலையில் மணிக்கு 20 கி.மீ., பீரங்கியும் டி-34க்குப் போதாது. கடைசியில் பெரும்பாலும் பிரான்சிலேயே காவலுக்கு நின்றன. இத்தனை ஆள், இத்தனை நாள், இத்தனை தகடு செலவழித்து வந்த பலன் இவ்வளவுதானா?

இரும்புக்குதிரை:
ஆர் 35 பற்றிச் சொன்னது சரி, அதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பெக்கரை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆல்ஃபிரட் பெக்கர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்த பொறியாளர். டன்கர்க்கில் பிரிட்டிஷார் விட்டுப்போன விக்கர்ஸ் மார்க் 6 என்ற சின்ன டாங்கியில் 10.5 செ.மீ. பீரங்கியை ஏற்றியவர். அப்புறம் பாரிஸில் லொரேன், ஹாட்ச்கிஸ் டாங்கி என்று வரிசையாக மாற்றினார், மாற்றிய வண்டிகளைத் தானே படையாக நடத்தவும் செய்தார். 1944 ஜூலை 18, பிரான்சின் கான் நகருக்குக் கிழக்கே பிரிட்டிஷ் டாங்கிகள் 'குட்வுட்' தாக்குதலில் நுழைந்தபோது அவருடைய பீரங்கிக் குழுக்கள் ஊர் ஊராக ஒளிந்திருந்தன. தெமுவில்லில் இருந்த குழு அன்று காலைக் குண்டுவீச்சிலேயே முடிந்தது. மற்றவை பக்கவாட்டிலிருந்து சுடுவதும் அடுத்த ஊருக்குப் பின்வாங்குவதுமாக அன்று முழுவதும் தொல்லை கொடுத்தன. இழுத்துப் போகிற பீரங்கியை வைத்து இதைச் செய்திருக்க முடியுமா?

பட்டறைக்காரன்:
நான் இருபது வருஷமாகப் பழைய எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவன், அந்தக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். இரண்டு பேரும் பீரங்கியைப் பற்றியே பேசுகிறீர்கள், உதிரிபாகத்தை யாரும் பேசவில்லை. ஒரு படையில் பிரெஞ்சு எஞ்சின், செக் எஞ்சின், ஜெர்மன் எஞ்சின் என்று கலந்து ஓடினால் மெக்கானிக் பாடு என்னவாகும்? பெக்கர் பிரான்சிலேயே இருந்தார், பாகம் வேண்டுமென்றால் அங்கேயே தேடலாம். அதே லொரேன் மேல் 1917 காலத்து 15 செ.மீ. பீரங்கியை ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்களே, அங்கே மணலில் ஒரு கியர் போனால் யாரிடம் போய்க் கேட்பது? எடைக் கணக்கும் இருக்கிறது. கனமான பீரங்கி சுடும்போது பின்னால் வரும் உதையைத் தாங்க அந்த வண்டிக்குப் பின்புறம் பெரிய மண்வெட்டி மாதிரி ஒரு தாங்கியை நிலத்தில் ஊன்ற வேண்டியிருந்தது. இடம் மாற்றும்போதெல்லாம் அதைத் தூக்கி இறக்கும் வேலை.

ஆனால் நல்ல மாற்றம் எது என்று கேட்டால் நான் மார்டர் 3ஐச் சொல்வேன். 1941இல் ரஷ்யாவில் பிடித்த எஃப்-22 பீரங்கியில் திருப்பும் சக்கரம் ஒரு பக்கம், உயர்த்தும் சக்கரம் எதிர்ப்பக்கம். டாங்கியைச் சுடும்போது குறி பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஜெர்மானியர்கள் இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, பெரிய மருந்துக்குழல் (வெடிமருந்து அடைத்த உறை) பிடிக்கிற மாதிரி பீரங்கியின் அறையையும் கடைந்துவிட்டு, செக் 38டி வண்டி மேல் வைத்தார்கள். யோசித்துச் செய்த வேலை என்றால் அது.

செங்காட்டான்:
அருமையான விளக்கம் அண்ணா. ஆனாலும் அந்த மார்டர் வண்டிகளுக்குக் கூரை கிடையாது, அதை மறந்துவிடக்கூடாது. மேலே ஒரு மோர்ட்டார் குண்டு வெடித்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன? பனிக்காலத்தில் திறந்த பெட்டியில் நின்று குண்டு போட்டவர்களை யோசியுங்கள். படம் பார்த்து ரசிக்கிற நாம் வண்டிக்குள் இருந்த அந்த நாலு பேரை நினைப்பதே இல்லை.

இந்த இடத்தில் சோவியத்காரர்கள் மேல் என்பது என் கருத்து. ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு கையில் வந்த பான்சர் 3 என்ற ஜெர்மன் டாங்கிகளை 1943இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் ஆலையில் மாற்றி எஸ்யு-76ஐ (SU-76i) என்ற வண்டியைச் செய்தார்கள், மொத்தம் 201. கூரையோடு மூடிய பெட்டி, உள்ளே 76.2 மி.மீ. பீரங்கி, டி-34க்குப் போகிற அதே குண்டு.

பட்டறைக்காரன்:
குண்டு விஷயம் முக்கியம் தம்பி, அதில் உன் பக்கம்தான் நான். ஆனால் எஞ்சின் மேபாக் என்ற ஜெர்மன் எஞ்சின், அதற்குப் பாகம் இன்னொரு பிடிபட்ட வண்டியை அறுத்தால்தான் கிடைக்கும். அதனால்தான் 201ஓடு நின்றது என்று நினைக்கிறேன்.

இரும்புக்குதிரை:
சரி, ஆர் 35ஐ விட்டுவிடுகிறேன், ஆப்பிரிக்கா கதையையும் விட்டுவிடுகிறேன். ஆனால் கூரை இல்லாத குறையைச் சொல்லும்போது, அந்த நாலு பேருக்கு அன்றைக்கு வேறு என்ன கொடுத்திருக்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். மார்டர் கிடைக்காதவன் அதே பாக் 40ஐ சேற்றில் தோளால் தள்ளிக்கொண்டு இருந்தான், அவன் தலைக்கு மேலும் கூரை இல்லை.

செங்காட்டான்:
அந்தக் கேள்விக்கு உடனே பதில் இல்லை என்னிடம். யோசித்துவிட்டு இரவு எழுதுகிறேன்.