குத்துச்சண்டை காமிக்ஸ் வரைய சீபா டெட்சுயாவை எதிலிருந்து படிக்கலாம்?

ராயபுரம்_மை:
வடசென்னை ரோஷமான குத்துச்சண்டையை வைத்து 24 பக்கத்தில் ஒரு காமிக்ஸ். நம்ம பரம்பரைச் சண்டைகளுக்கு, மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) ஓவியர் சீபா டெட்சுயாவின் குத்துச்சண்டைத் தொடர் ‘ஆஷிதா நோ ஜோ’தான் சரியான பாடம் என்கிறார்கள். 20 பாகமும் படிக்கணுமா? இன்னொன்று, நான் வரையும் குத்து எல்லாம் போஸ்டர் மாதிரி விறைத்து நிற்குது. ஏ4 தாளில் மையும் ஊறுது.

பழைய_புத்தகம்:
நேரா ஜோவுக்குப் போங்க ப்ரோ. சீபா 1956-இல் வாடகைக்கு விடும் கடைகளுக்கான காமிக்ஸ் புத்தகங்களுக்கு வரைந்து தொடங்கியவர். 1965-இல் வந்த ‘ஹாரிஸ் நோ காஸே’யிலேயே குத்துச்சண்டை உண்டு, ஆனா அது பள்ளிக் கலாட்டா. ஜோ 1968 முதல் 1973 வரை வாரத் தொடர். கதை, தகாமோரி அசாவோ என்ற பெயரில் காஜிவாரா இக்கி எழுதியது. களம் தோக்கியோவின் சான்யா, கூலித் தொழிலாளர் பேட்டை. பாலத்தடியில் ஒரு பயிற்சிக் கூடம். வியாசர்பாடிக்காரனுக்கு விளக்கவே வேணாம்.

குறிப்பா ரிக்கிஷி பகுதியைப் படிங்க. அவன் கதாநாயகன் ஜோவுக்குப் போட்டியாளன் ஆவான்னு தெரியாமலே சீபா முதலில் அவனை ரொம்ப உயரமா வரைந்துட்டார். ரெண்டு பேரும் ஒரே எடையில் மோத வழியில்லை. அதனால ரிக்கிஷி தண்ணீர்கூட விட்டு, உடம்பை வற்றவச்சு பாண்டம் எடைக்கு, அதாவது 53.5 கிலோவுக்கு, இறங்குறான். தொடரின் உச்சமே இந்தத் தவறில் பிறந்தது. கதையில் ரிக்கிஷி செத்ததும், 1970 மார்ச்சில் பதிப்பகமான கோடன்ஷாவின் அலுவலகத்திலேயே அவனுக்கு நிஜமாவே இறுதிச் சடங்கு நடந்தது, வாசகர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். கடைசிப் பக்கமும் சீபாவுடையது. காஜிவாரா எழுதித் தந்த முடிவை அனுமதியோடு மாற்றினார்.

ஜோவுக்குப் பிறகு சுமோவுக்கு ‘நோதாரி மாட்சுதாரோ’. கனத்த உடம்பு தரையில் எப்படி நிக்குதுன்னு அதில் பாருங்க. 2024-இல் ஜப்பான் அரசின் ‘ஆர்டர் ஆஃப் கல்ச்சர்’ என்ற கலாசார விருது பெற்ற முதல் மாங்கா ஓவியர் இவர்தான்.

பாரிமுனை_காகிதம்:
தல, விறைப்புக்குக் காரணம் கை இல்ல, கால். பின்கால் குதிகால் தூக்கி, இடுப்பு திரும்பி, அப்புறம்தான் தோள். நீங்க முஷ்டி முகத்தில் படுற நொடியையே வரையிறீங்க. ஒரு கட்டத்தில் குத்துக்கு முந்தைய எடை மாற்றம், அடுத்ததில் அடிபட்டவன் கழுத்து திரும்பிய பிறகு. நடுவுல இருக்கிறதை வாசகன் போட்டுக்குவான். வேகக் கோடுகள் எல்லாப் பக்கமும் போட்டா எதுவுமே வேகமாத் தெரியாது.

தாள்: 80 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோவில் மை ஊறத்தான் செய்யும். கார்ட்ரிட்ஜ் தாளில் ஜி-பேனா (மாங்காவுக்கு மை தொட்டு வரையும் பேனா) நிப் நார்ல மாட்டும். ஆர்ட் கார்டு பூச்சில் மை காயாது, ரப்பர் போட்டா இழுக்கும். ஆண்டர்சன் தெருவில் பூச்சில்லாத வழுவழுப்பான தாள், 160 முதல் 200 ஜிஎஸ்எம்னு கேட்டு ஏ3-யா வாங்குங்க. அதை 257 × 364 மிமீ, அதாவது பி4-ஆ வெட்டணும். கட்டங்கள் அடங்கும் உள்சட்டம் 180 × 270, அச்சானதும் பக்கம் வெட்டுப்படும் அளவு 220 × 310. புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், துடைக்காட்டி மை பிடிக்காது. ஸ்கேன் 600 டிபிஐ, கறுப்பு-வெள்ளை முறையில்.

கொருக்குப்பேட்டை_ஸ்கெட்ச்:
மேல சொன்ன அளவு சரி. ஏ5 புத்தகம்னா படம் சுமார் 67 சதவீதமாச் சுருங்கும். 0.3 மிமீ கோடு 0.2 ஆகும். எழுத்து 8 புள்ளிக்குக் குறைஞ்சா ழ, ஞ எல்லாம் அடைச்சுக்கும், அதனால மூலத்தில் 12 புள்ளி வைங்க.

ஜப்பானியப் பேச்சுக்குமிழைக் காப்பி அடிக்காதீங்க, அது மேலிருந்து கீழா எழுதறதுக்கான ஒல்லிக் குமிழ். ‘அடிச்சுப்புடுவேன்’ அதுல மூணு துண்டா உடையும். அகலமாப் போடுங்க, படத்துக்கு முன்னாடியே வசனத்துக்கு இடம் ஒதுக்குங்க.

முக்கியமா, பக்கத்தை முதல்லயே இடமிருந்து வலமாத் திட்டமிடுங்க. ஜப்பான்காரங்க மாதிரி வலமிருந்து இடமா வரைஞ்சு அப்புறம் கண்ணாடி மாதிரித் திருப்பினா வலக்கைக்காரன் எல்லாம் இடக்கைக்காரன் ஆயிடுவான். ராயபுரத்துல பழைய பாக்ஸர் ஒருத்தர் கையில புத்தகம் கிடைச்சா முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.