வைக்கல் தாள் அப்பளம் மாதிரி முறியுது, எங்க பிழைச்சது?

முரசுமோட்டையாள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் முரசுமோட்டைப் பக்கம் ஏழு பொம்பிளையள் சேந்து வைக்கலில தாள் செய்து பாக்கிறம். கலியாணக் காட், கடித உறை எண்டு கிளிநொச்சி ரவுணில விக்கலாம் எண்டு ஒரு யோசினை. காலபோகம் வெட்டி முடிய வைக்கலை வயலிலயே போட்டுக் கொளுத்திறாங்கள். மாடு வளக்கிற எனக்கு அதைப் பாக்க வயிறு எரியும்.

செய்தது இப்பிடித்தான். 2 கிலோ காஞ்ச வைக்கல், ரெண்டு அங்குலத் துண்டா வெட்டினது. அரைக் கிலோ காஸ்டிக் சோடா. மூண்டு மணித்தியாலம் விறகடுப்பில அவிச்சம். முதல் தரம் என்ர பெரிய அலுமினியப் பானையில. சோடாத் தண்ணி பட்டதும் அது குளத்து அலைகரை மாதிரி நுரைச்சுப் பொங்கிச்சுது, அடி கறுத்து ஊசி ஓட்டையும் விழுந்திட்டுது. அம்மா சீதனமாத் தந்த பானை. ரெண்டாம் தரம் இரும்புப் பரலை வெட்டி அதில அவிச்சம். மூண்டு தரம் அலசி, பிளெண்டரில கூழா அடிச்சு, நுளம்பு வலை கட்டின சட்டத்தில வாத்து, வெயிலில காய விட்டம்.

பாக்க வடிவு, பழுத்த நெல்லு நிறம். ஆனா மடிச்சா டக்கெண்டு முறியுது. பேனை வைச்சா மை பரவுது. ஓரமெல்லாம் சுருளுது. சட்டத்தில தண்ணி வடியவே கால் மணித்தியாலம் செல்லுது. தெரிஞ்ச ஆரும் சொல்லுங்கோ.

பழைய ஆலைக்காரன்:

தங்கச்சி, நான் வாழைச்சேனைத் தாள் ஆலையில பரிசோதனைக்கூடத்தில வேலை செய்தனான். அங்க எங்களுக்கும் வைக்கலும் இலுக்குப் புல்லும்தான் மூலப்பொருள். அதால உங்கட தாளின்ர குணம் எனக்கு நல்லாத் தெரியும்.

முதல்ல ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு தாளை ஈரமாக்கி, அதில கொஞ்சம் மஞ்சள் தூள் தேயுங்கோ. மஞ்சளாவே இருந்தா நல்லம். குங்குமம் மாதிரிச் சிவந்தா காஸ்டிக் இன்னும் உள்ளுக்கு நிக்குது. மூண்டு தரம் அலசினது காணாது. அலசின தண்ணி தேத்தண்ணி நிறத்தில வந்தா அலசுறதை நிப்பாட்டக்கூடாது, தெளிஞ்சு வரவேணும்.

சோடாவும் கூடிப்போச்சு. 2 கிலோவுக்கு அரைக் கிலோ எண்டா நூற்றுக்கு 25. வைக்கலுக்கு 10, 12 போதும், அதாவது 200, 240 கிராம். மரத்தை அவிக்க 160, 170 பாகை வெப்பமும் அமுக்கமும் வேணும். வைக்கலில இலிக்னின், அதுதான் நாரை ஒட்டிப் பிடிச்சிருக்கிற சாமான், குறைவு, சும்மா கொதிக்கிற தண்ணியிலயே வெந்திடும். கூடப் போட்டா இலிக்னின் மட்டுமில்லை, நாரும் கரையும்.

பெரிய பிழை பிளெண்டர். வைக்கல் நார் சராசரி ஒரு மில்லிமீற்றர் கிட்டத்தான், ஊசியிலை மரத்து நார் 3 மில்லிமீற்றர் வரும். குறுகினதை நீங்கள் இன்னும் துண்டு துண்டாக்கிறியள். தூள் கூடினா வலைக் கண் அடைச்சுத் தண்ணி வடியாது, காயேக்க கூடச் சுருங்கும், அதுதான் சுருளுறது. தாளைப் பசை பிடிக்கிறேல்லை. நார் நசுங்கி, மயிர்மயிரா எழும்பி, ஒண்டோட ஒண்டு நெருங்கிக் காயேக்க ஐதரசன் பிணைப்பு வந்து பிடிக்கும். ஆனபடியா நார் வெட்டுப்படக்கூடாது, நசியவேணும். உரலில போட்டு மெல்ல இடியுங்கோ.

நீள நாரும் கலக்கவேணும். நூற்றுக்கு 30 சீமெந்துப் பைத் தாள் போடுங்கோ. அது வெளுக்காத நீள நார், உள்ளுக்குப் பிளாஸ்ரிக் இருந்தா உரிச்சு எறியுங்கோ. பழைய பருத்தி வேட்டியும் நல்லம். பனந்தும்பு வேண்டாம், அது தும்புத்தடிக்குத்தான் சரி.

மை பரவாமல் இருக்க ரொசினும் (பைன் மரத்துப் பிசின்) படிகாரமும் போடுங்கோ. ஆலையில அதுதான்.

வவுனியா ரசாயன ரீச்சர்:

முரசுமோட்டை அக்கா, முதல்ல உயிரோட இருக்கிறதுக்குச் சந்தோசம். அலுமினியத்தில காஸ்டிக் பட்டா வாறது பத்தி வெடிக்கிற ஐதரசன் வாயு, அதுவும் விறகடுப்புக்கு மேல! இரும்பு, எவசில்வர் மட்டும் பாவியுங்கோ. தண்ணிக்குள்ள சோடாவைப் போடுங்கோ, சோடாவுக்கு மேல தண்ணி ஊத்தாதேங்கோ. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம்.

ஐயா சொன்னதில ரொசின்-படிகாரத்தில மட்டும் எனக்குச் சம்மதமில்லை. படிகாரம் அமிலம். அந்த அமிலம் நாரை ஆக்கியிருக்கிற செலுலோசுச் சங்கிலியை வருசக்கணக்கா வெட்டிக்கொண்டே இருக்கும். 1807 இல் ஜேர்மனிக்காரர் இல்லிக் அந்த முறையை எழுதி வைச்சதுக்குப் பிறகு வந்த எத்தினையோ தாள்கள் இண்டைக்கு நூலகங்களில உதிருது. எங்கட பொருளாதாரத் தடைக்காலத்துக் கொப்பி ஒண்டு என்னட்டக் கிடக்கு, பக்கம் புரட்டினா மூலை கையோட வரும். கலியாணக் காட் நாளைக்கு ஆல்பத்துக்குள்ள இருக்கவேண்டிய சாமான். ஐதான அரிசிக் கஞ்சியில காஞ்ச தாளைத் தோய்ச்செடுங்கோ. கூழுக்குள்ள கொஞ்சம் சோக்குத்தூள், கல்சியம் காபனேற்று, போட்டா அமிலமும் எழும்பாது.

இன்னொண்டு, கதைக்குச் சொல்லுறன். காஸ்டிக் சோடா உங்கட ஊருக்குப் புதுசில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில ஆனையிறவு உப்பை மின்பகுத்துக் காஸ்டிக்கும் குளோரினும் எடுத்தவை. ஒண்டு தாள் அவிக்க, மற்றது வெளுக்க! நான் ஏ/எல் பிள்ளையளுக்கு மின்பகுப்பு படிப்பிக்கேக்க அந்தக் கதை சொல்லாமல் விடுறேல்லை.

பழைய ஆலைக்காரன்:

ரீச்சர், அமிலக் கதை சரிதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா கஞ்சி போட்டதை வன்னியில வைச்சா கறையான் விருந்துக்கு வரும், ஈரமாயிருந்தா பூஞ்சணமும் பிடிக்கும். மெல்லிசாப் போட்டு நல்லாக் காயவைச்சு அடுக்கச் சொல்லுங்கோ.

முரசுமோட்டையாள்:

ஐயா, ரீச்சர், ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. மஞ்சள் வைச்சுப் பாத்தன், செக்கச் செவேலெண்டு வந்திட்டுது! பக்கத்து வீட்டுப் பிள்ளை மந்திரமோ எண்டு கேட்டவ. பிறகு 220 கிராம் சோடாவில அவிச்சு, எட்டுத் தரம் அலசி, உரலில இடிச்சு, சீமெந்துப் பை கலந்தம். ஈரத் தாளை யன்னல் கண்ணாடியில ஒட்டிக் காயவிட்டதால சுருளவும் இல்லை. நாலு தரம் மடிச்சு விரிச்சன், கோடு மட்டும் விழுந்துது. நிறம் கொஞ்சம் மண்ணிறமாப் போச்சு, எனக்கு அது பிடிச்சிருக்கு.

இப்ப ரெண்டு கேள்வி. அவிச்ச கறுத்தத் தண்ணியை எங்க ஊத்திறது? மற்றது, என்ர பானைக்கு ஏதும் வழி இருக்கோ?

பழைய ஆலைக்காரன்:

வாய்க்காலுக்கும் கிணத்தடிக்கும் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. பாதியை அடுத்த அவியலுக்குப் பாவியுங்கோ, அப்ப புதுச் சோடாவும் குறைவாப் போடலாம். மிச்சத்தை பொலித்தீன் விரிச்ச கிடங்கில வெயிலுக்கு வத்த விடுங்கோ, பிள்ளையளும் மாடும் போகாத இடமாப் பாத்து.

பானையை விட்டிடுங்கோ தங்கச்சி. ஓட்டை அடைச்சாலும் சமைக்கேலாது. மண் நிரப்பிக் கற்பூரவள்ளி வையுங்கோ.