110 காமிக்ஸ் இதழ்களைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும்: செலவைக் குறைக்க என்ன வழி?

அலமாரிக்காரன்:

வணக்கம் நண்பர்களே. நானும் என் தம்பியும் பள்ளி நாட்களில் ஒன்றாகச் சேர்த்த காமிக்ஸ் இத்தனை வருடமாக என் அலமாரியில்தான் இருக்கின்றன. தம்பி இப்போது வேறு நாட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டான். அவன் பங்கை அவனிடம் சேர்க்க வேண்டும். பிரித்து எண்ணியதில் 110 இதழ்கள். எல்லாம் மெல்லிய மாத இதழ்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில், வளையாமல் இருக்கப் பின்னால் ஒரு தாங்கு அட்டையோடு போட்டது. இதில் 20 இதழ்கள் கொஞ்சம் விலைபோகக்கூடியவை. இது தவிர, தரமிட்டு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த ஸ்லாப் மூன்று தனியாக இருக்கின்றன.

ஒரு பெரிய பெட்டியில் எல்லா இதழ்களையும் வைத்து, சுற்றிலும் குமிழி உறையைத் திணித்துக் கூரியரில் விலை கேட்டேன். வீட்டுத் தராசில் 11 கிலோ. அவர்கள் 19 கிலோவுக்குக் கணக்குப் போட்டார்கள். ஏமாற்றுகிறார்களா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா? இதழ்களின் விலையைவிட அனுப்பும் செலவு கூடிவிடும் போலிருக்கிறது. அவசரம் எதுவும் இல்லை, மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. மூலை மடங்காமல் போய்ச் சேர்ந்தால் போதும். தம்பிக்கு ஒரு கடிதம் எழுதி அதே பெட்டிக்குள் வைக்கலாம் என்றும் நினைத்திருந்தேன்.

இரட்டைப்பின்:

ஏமாற்றவில்லை, அது கன எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பெட்டி 60 × 40 × 40 இருக்குமா? அப்படியென்றால் 19.2 கிலோ வரும். காமிக்ஸ் கனமான சரக்கு, இறுக்கமான பெட்டியில் போட்டால் கன எடை ஒருபோதும் தராசு எடையைத் தாண்டாது. நீங்கள் காற்றுக்குக் காசு கட்டப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

மூலைகாப்பான்:

பெட்டியைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் நிலையில் கூரியரே வேண்டாம் என்பேன். அவசரமில்லை என்கிறீர்கள், அப்புறம் எதற்கு வேகத்துக்குப் பணம் கொடுப்பது? 18 வருடமாக வெளிநாட்டு நண்பர்களோடு இதழ் மாற்றிக்கொள்கிறேன். முக்கால்வாசி சாதாரணத் தபாலில்தான் போய் வந்திருக்கிறது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டி என்று நினைப்பதை விடுங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சாதாரண இதழ்கள் 90, நல்லவை 20, ஸ்லாப் மூன்று. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

நல்ல 20 இதழ்கள் சிறு பொட்டலமாகப் போகட்டும். உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி சிறு பொட்டலம் 2 கிலோ வரை. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 90 செ.மீ.க்குள், எந்தப் பக்கமும் 60 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. என் தராசில் ஒரு மெல்லிய இதழ் 60 கிராம், அட்டையும் உறையும் சேர்ந்ததும் 85. ஆக 20 இதழ் 1700 கிராம். மிச்சம் 300 கிராமுக்குள் பேக்கிங்கை முடிக்க வேண்டும், முடியும். பதிவுத் தபாலாகவோ டிராக்கிங் உள்ள சேவையாகவோ அனுப்புங்கள். 2 கிலோவைப் பத்து கிராம் தாண்டினாலும் அது பார்சல் கட்டணத்துக்குப் போய்விடும். அதனால் டேப் ஒட்டி முடித்த பிறகு இன்னொரு முறை நிறுத்துப் பாருங்கள்.

சாதாரண 90 இதழ்களுக்கு, உங்கள் நாட்டுத் தபாலில் 'அச்சிட்ட தாள்கள்' என்ற வகை வெளிநாட்டுக்கு உண்டா என்று கேளுங்கள். புத்தகத்துக்கும் இதழுக்கும் அதில் 5 கிலோ வரை அனுமதி, எடைக்கு எடை பார்த்தால் பார்சலைவிட மலிவு. தரைவழி, கடல்வழி என்று கேட்டு வாங்குங்கள், விமானம் வேண்டாம். இன்னொன்று 'எம் பை' (M bag). ஒரே ஆளுக்குப் போகும் அச்சுப் பிரதிகளை ஒரு சாக்கில் போட்டு 30 கிலோ வரை அனுப்பலாம். மிக மலிவு. ஆனால் டிராக்கிங் பெரும்பாலும் இருக்காது, சாக்கைத் தூக்கி வீசுவார்கள். பாட நூல்களுக்கு அது சரி. காமிக்ஸுக்கு, உள்ளே இருக்கும் பெட்டி தனியாகவே அடி தாங்கும் என்றால் மட்டும்.

கடிதத்தை அச்சிட்ட தாள்கள் வகையில் வைக்காதீர்கள். தனிப்பட்ட கடிதம் அதில் இருக்கக் கூடாது என்பது விதி. பிரித்துப் பார்த்தால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது முழுக் கட்டணம் கேட்பார்கள். சிறு பொட்டலத்தில் வையுங்கள். அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான கடிதம் அதில் தடையில்லை.

எடை குறைக்க ஒரு வழி: சாதாரண இதழ்களை இரண்டிரண்டாக, பின்பக்கத்தோடு பின்பக்கம் சேர்த்து, நடுவே ஒரே தாங்கு அட்டை வைத்து ஒரே உறையில் போடுங்கள். ஜோடிக்கு 145 கிராம் வரும், தனித்தனியாகப் போட்டால் 170. 45 ஜோடியில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். தம்பி அங்கே அட்டை வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொள்வார். 90 இதழும் இப்படி 6.5 கிலோ சொச்சம், இரண்டு கட்டாக அனுப்பிவிடலாம்.

இனி பேக்கிங். இதில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். குமிழி உறை இதழைக் காக்காது. அது அடியைத் தாங்கும், வளைவைத் தாங்காது. காமிக்ஸ் கெடுவது வளைவதாலும் மூலை இடிபடுவதாலும்தான். நெளி அட்டையில் இரண்டு துண்டு வெட்டுங்கள், இதழைவிட ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. பெரிதாக. ஒன்றில் உள்ளிருக்கும் நெளிவுக் கோடுகள் மேலும் கீழுமாக ஓடட்டும், மற்றதில் இடமும் வலமுமாக. ஒரே திசையில் ஓடினால் இரண்டும் ஒரே இடத்தில் மடங்கும், குறுக்காக வைத்தால் மடக்கவே முடியாது, கையில் எடுத்துப் பாருங்கள் தெரியும். இதழ்க் கட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை அட்டையின் நடுவில் டேப்பால் ஒட்டுங்கள். கட்டு நகரக் கூடாது, அதுதான் முக்கியம். பெட்டி எந்த மூலையில் விழுந்தாலும் முதலில் நசுங்குவது அந்த 2 செ.மீ. வெற்று அட்டைதான்.

டேப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை எனக்கு வந்த பழைய இதழைப் பிரித்தேன். உறையின் மடிப்பை ஒட்டியிருந்த செலோ டேப் பாதி எழுந்து நின்றது. இதழை மெல்ல உருவும்போது அந்த ஒட்டும் பக்கம் அட்டைப்படத்தில் படிந்துவிட்டது. கவனமாகத்தான் இழுத்தேன், ஆனாலும் நாயகனின் தோளிலிருந்து நகம் அளவு நிறம் உரிந்து டேப்போடு வந்தது. 40 வருடம் அப்படியே இருந்த தாள், என் கையில் வந்த முதல் நிமிடத்தில் போயிற்று. அன்றிலிருந்து எந்த இதழையும் உறையிலிருந்து வெளியே எடுக்கும் முன் டேப்பை முழுதாக அகற்றிவிடுவேன். அனுப்பும்போது சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை ஒட்டி, நுனியை உள்பக்கமாக மடித்துவிடுவேன், பிடித்து இழுக்க வசதி. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கடல்வழி என்றால் ஈரம். கப்பல் கொள்கலனுக்குள் பகலில் சூடு, இரவில் குளிர், உள்ளே வியர்க்கும். தாளைவிட ஸ்டேபிள் பின்தான் முதலில் பாதிக்கப்படும். துரு பிடித்தால் நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கிவிடும், அதை எடுக்க வழியில்லை. ஈரமில்லாத நாளில் கட்டுங்கள். முழுக் கட்டையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து மூடுங்கள்.

ஸ்லாப் மூன்றையும் தபாலில் அனுப்பவே வேண்டாம். கனம், கூடு விரிசல் விடும், அதிர்ந்தால் உள்ளேயே இதழ் ஆடி ஓரம் தேயும். யாராவது அந்தப் பக்கம் போகும்போது கைப்பையில் கொடுத்தனுப்புங்கள். விமான நிலைய எக்ஸ்ரே தாளை ஒன்றும் செய்யாது.

நீலமசி:

மூலைகாப்பான் பேக்கிங்கைச் சொல்லிவிட்டார், நான் சுங்கத்தைச் சொல்கிறேன். பலரும் அடிபடுவது இங்கேதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் படிவம் உண்டு: மதிப்பு 300 எஸ்டிஆர் வரை என்றால் சிஎன் 22, அதற்கு மேல் சிஎன் 23. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகு, தபால் கவுண்டரில் உங்கள் நாணயத்தில் எவ்வளவு என்று சொல்வார்கள். 2021 ஜனவரியிலிருந்து பொருள் உள்ள தபாலுக்கு இந்த விவரம் மின்னணு முறையிலும் முன்கூட்டியே போக வேண்டும். கையால் எழுதி மட்டும் ஒட்டினால் திரும்பி வர வாய்ப்புண்டு. தபால் துறையின் இணையப் படிவத்தை நிரப்பி அச்செடுத்து ஒட்டுங்கள்.

'புத்தகங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'பழைய காமிக்ஸ் இதழ்கள், அச்சிட்டவை, 20 பிரதிகள்' என்று எண்ணிக்கையோடு, சேரும் நாட்டில் புரியும் மொழியில் எழுதுங்கள். சுங்கக் குறியீட்டில் அச்சுப் பொருட்கள் 49ஆம் அத்தியாயம். மாத இதழ் 4902, புத்தகம் 4901. பல இதழ்களை ஒரே அட்டைக்குள் கட்டிய தொகுப்பு 4901க்குப் போய்விடும்.

1950இல் யுனெஸ்கோ கொண்டுவந்த புளோரன்ஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் புத்தகத்துக்கும் இதழுக்கும் சுங்க வரி போடுவதில்லை. இதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். சுங்க வரி வேறு, விற்பனை வரி வேறு, பொட்டலத்தைக் கையாள்வதற்கான கட்டணம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை, பிரிட்டனில் 39 பவுண்டு வரை விலக்கு உண்டு. உங்களுடையது உண்மையிலேயே அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது, அதனால் அன்பளிப்புக் கட்டத்தில் டிக் அடிக்கலாம். விற்ற பொருளுக்கு அப்படி அடிப்பது பொய்ச் சான்று. மதிப்பையும் குறைத்து எழுதாதீர்கள், காணாமல் போனால் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கிடைக்காது. காப்பீடு எடுத்தால் நிபந்தனையைப் படியுங்கள். சேகரிப்புப் பொருட்களுக்குக் காப்பீடு இல்லை என்ற வாசகம் ஒன்று பல இடங்களில் இருக்கும்.

இன்னொன்று. வெளிநாட்டில் பல இடங்களில் வாங்கியதை ஒரு கிடங்கில் சேர்த்து ஒன்றாக அனுப்பும் சேவைகள் உண்டு, செலவு நன்றாகக் குறையும். ஆனால் ஒருமுறை நான் பயன்படுத்திய கிடங்கில் எடை குறையட்டும் என்று அவர்களாகவே நெளி அட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு, 14 இதழ்களை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் அனுப்பிவிட்டார்கள். உருளையாகச் சுருண்டு வந்து சேர்ந்தது. 14இலும் பின் அடித்த மடிப்பு ஓரத்தில் நிறம் உடைந்து வெள்ளைக் கோடு. அதில் ஒன்று ஆறு வருடம் தேடி வாங்கியது. 'மறுபேக்கிங் வேண்டாம்' என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

அலமாரிக்காரன்:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம். நல்லவை 20இல் ஒன்றில் மேலட்டை கீழ் ஸ்டேபிள் பின்னிலிருந்து கழன்றிருக்கிறது. அதையும் அனுப்பலாமா? தம்பிக்கு மிகவும் பிடித்த இதழ் அது.

மூலைகாப்பான்:

அனுப்பலாம். தனி உறை, முன்னும் பின்னும் ஒவ்வொரு தாங்கு அட்டை, கட்டின் நடுவில் வையுங்கள். பசையோ டேப்போ போட்டுச் சரிசெய்ய முயலவே வேண்டாம். கழன்றது கழன்றபடியே போகட்டும், கிழியாமல் போனால் போதும்.

அலமாரிக்காரன்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். சிறு பொட்டலம் 1960 கிராம், 19 நாளில் போய்ச் சேர்ந்தது. தம்பி வீடியோ அழைப்பில் என் கண் முன்னால்தான் பிரித்தான். காகித டேப்பின் மடித்த நுனியைப் பிடித்து இழுக்கச் சொன்னேன், ஒவ்வொன்றாக எடுத்தான். அந்தக் கழன்ற மேலட்டை அப்படியே இருந்தது. கடிதத்தை அப்போது பிரிக்கவில்லை, அப்புறம் படிக்கிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கடல்வழிக் கட்டு இரண்டில் ஒன்று 10 வாரத்தில், மற்றது 12 வாரத்தில். இரண்டாவதன் ஒரு மூலை விரல் தடிமனுக்கு உள்ளே போயிருந்தது. அட்டையைப் பிரித்துப் பார்த்தால் வெளிவரம்பு மட்டும் நசுங்கி, இதழ்களுக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் நின்றிருக்கிறது. அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினான். மூன்று கட்டும் சேர்ந்து ஆன செலவு, முதலில் கூரியர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. ஸ்லாப்கள் இன்னும் என் அலமாரியில்தான். அவனே அடுத்த வருடம் வரும்போது எடுத்துப் போகிறானாம்.