கார்பன் ஃபைபர் சிலிண்டரில் கீறல், காற்று அடிக்கலாமா?

நீலாங்கரை நெத்திலி:
தீயணைப்பு வேலைக்கானது, 6.8 லிட்டர், 300 பார் அழுத்தம். பழசாக மலிவில் கிடைத்தது. டைவிங்குக்கு எடுத்துப் போனபோது படகு விளிம்பில் இடித்து, சிலிண்டரின் தோள் பக்கம், அதாவது மேல் வளைவில், விரல் நீளத்துக்குக் கீறல். நகத்தால் நெருடினால் நார் பிரிகிறது. எம்-சீல் வைத்தால் போதுமா?

கம்ப்ரசர்காரன்:
எம்-சீலா! அதென்ன மொட்டைமாடி தண்ணித் தொட்டியா தம்பி? உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியம். அழுத்தத்தைத் தாங்குவதே அந்த நார்தான். கால் மில்லிமீட்டருக்குள் மேல்கீறல் என்றால் பரவாயில்லை. நார் அறுந்திருந்தால் அனுமதி பெற்ற சோதனை நிலையத்தில் காட்டாமல் நிரப்பவே கூடாது. முதலில் காற்றை மெதுவாக இறக்கு. வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போடாதே. தண்ணீருக்கடியில் பயன்படுத்தலாம் என்று காட்டும் 'யூ.டபிள்யூ.' முத்திரை லேபிளில் இருக்கிறதா? இல்லையென்றால் தண்ணீருக்குள்ளே கொண்டுபோகவே கூடாது. உப்புத்தண்ணி இடுக்கில் புகுந்து உள்ளேயே அரிக்கும்.

கோவளம் அக்கா:
அது காற்று நிறைந்திருந்தாலும் மிதக்குமே! மூழ்க ஈயம் எவ்வளவு கட்டினாய்?

நீலாங்கரை நெத்திலி:
வழக்கத்தைவிட மூணு கிலோ கூட, அக்கா. முத்திரை இல்லை. தயாரிப்பு 2007.

கம்ப்ரசர்காரன்:
அந்த வகைக்குப் பெரும்பாலும் 15 வருஷம்தான் ஆயுள். கீறலே இல்லாவிட்டாலும் நான் அடித்துத் தர மாட்டேன்.

நீலாங்கரை நெத்திலி:
வால்வையாவது கழற்றிக்கொள்ளலாமா?

கம்ப்ரசர்காரன்:
நீ தொடாதே. காற்று இறங்கியதும் கடைக்குக் கொண்டு வா.