பத்துற ஆக்களுக்கு நடுவில இருந்து சிகரெட்டை விடுறது எப்பிடி?

வணக்கம் உறவுகளே. மாங்குளம் பக்கம் மேசன் வேலைக்குப் போறனான். சிகரெட்டை விட்டிட்டன். வீட்டில பெரிசா அந்தரமில்லை, கரைச்சல் வேலைத்தலத்திலதான். பத்து மணிப் பிளேன்ரீ வந்தவுடன எல்லாரும் மரத்துக்குக் கீழ கூடிப் பத்துவினம். மணம் வந்தாக் காணும், கை தன்பாட்டில சேட்டுப் பொக்கற்றைத் தேடுது. தள்ளி நிண்டா "என்னடாப்பா, சாமியாராப் போட்டியோ" எண்டு பகிடி. எங்கட பாஸ் நல்ல மனுசன், பாசத்தில பெட்டியை நீட்டுவார். மூத்தவர், முகத்துக்கு நேர மறுக்கேலாது.

2006ஆம் ஆண்டுச் சட்டம் மூடின பொது இடங்களிலதான் பத்தக்கூடாதெண்டுது; வெட்டவெளி வளவில ஆரிட்ட முறையிடுறது? ஆசை எழும்பினா சில நிமிசத்தில தணியுமெண்டு கிளினிக்கில சொன்னவை. உண்மைதான். ஆனா பக்கத்தில புகைஞ்சா திரும்பத் திரும்ப எழும்புதே! கராம்பு, இஞ்சி எல்லாம் சப்பிப் பாத்திட்டன்.

இப்பிடி வேலைக்குப் போய்க்கொண்டே விட்ட ஆக்கள் இருக்கிறியளோ? பாஸ்மாருக்கு மனம் நோகாம என்ன சொன்னனீங்கள்? தேத்தண்ணியையும் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்ட வேணுமோ? நிக்கொட்டின் சுவிங்கம் கிளிநொச்சியில, வவுனியாவில எடுக்கலாமோ? சிகரெட்டை விட உதவுற 1948 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சா தமிழில கதைப்பினமோ? "மன உறுதி வேணும்" எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அதை மாமி ஒவ்வொரு நாளும் சொல்லுறா.